சதுப்பு நிலத்துக்கு ஒரு சம்மன்

சம்மன்காரருக்கு முப்பத்தோரு வருஷ வேலையில் ஒரே ஒரு பெருமைதான். அவர் கையில் கொடுத்த சம்மன் ஒன்றுகூட 'ஆள் அகப்படவில்லை' என்று நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்ததில்லை. மாமியார் வீட்டுப் பரணில் ஒளிந்தவன், மீசையை எடுத்து ஆளையே மாற்றிக்கொண்டவன், எல்லோரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவருக்கு, ஓய்வு பெற ஒரே மாதம் இருக்கும்போதா இப்படி ஒரு சம்மன் வந்து சேர வேண்டும்? பெறுபவர் பெயர் என்ற இடத்தில் 'ஊருக்குக் கிழக்கே உள்ள சதுப்பு நிலம்' என்றிருந்தது.

விஷயம் இதுதான். போன வருஷம் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சதுப்பு நிலமும் இனி சட்டத்தின் முன் ஓர் ஆள். அதற்கும் அதிலிருக்கும் நாரை, தவளை, மீன், கோரைப்புல் அத்தனைக்கும் வாழ உரிமை உண்டு. யாராவது கை வைத்தால் அது வழக்குப் போடலாம். அதன் சார்பில் பேச ஒரு பெண் வழக்கறிஞரைக் காப்பாளராகவும் போட்டிருந்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அங்கே கிடங்கு கட்டியிருந்த சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? வழக்குப் போட முடிகிற ஆள் மேல் நாமும் போடலாமே என்று கிளம்பிவிட்டார்கள். சதுப்பு கிடங்குக்குள் புகுந்து மூட்டைகளையெல்லாம் கல்லாக்கிவிட்டதாம். அதனால் அதை மண் போட்டு மூட அனுமதி வேண்டுமாம். அழிச்சாட்டியத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

காப்பாளர் தன் பிரதியை வாங்கிக்கொண்டார். ஆனால் விதி அதோடு விடவில்லை. எதிராளி குடியிருக்கும் வீட்டு வாசல் கதவிலும் ஒன்றை ஒட்டி, விவரம் தெரிந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும்.

"அண்ணே, சதுப்புல கதவுக்கு எங்க போவீங்க?" என்றார் தலைமை எழுத்தர். "ஆள் அகப்படலைன்னு எழுதிக் குடுத்துடுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"நான் நினைப்பேனே," என்று சொல்லிவிட்டுச் சம்மன்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் மனைவிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. "ஏங்க, கோரைப்புல்லுல ஒட்டிட்டு வாங்களேன். கொக்கு படிச்சுக்கும்."

"சிரி, நல்லா சிரி. என் மானம் போகுது, உனக்கு விளையாட்டா இருக்கு."

"சரி, கோவிச்சுக்காதீங்க. அட்ரஸ்னு என்னதான் போட்டிருக்கு? முழுசாப் படிச்சீங்களா?"

எங்கே படித்தார்? பெயரைப் பார்த்ததுமே ஆடிப்போனவர், அதற்குக் கீழே போகவே இல்லை. இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கூடவே இணைத்திருந்த மனுவைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் கம்பெனி எழுதியிருந்தது: 'எதிராளி மூன்று மாதமாக எங்கள் கிடங்குக்குள் நிரந்தரமாகத் தங்கிவிட்டார். எவ்வளவு இறைத்தும் வெளியேற மறுக்கிறார்.'

"அப்ப அவங்க அங்கதானே இருக்காங்க," என்றாள் மனைவி.

அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்ற வேண்டும்போல் இருந்தது அவருக்கு. இடுப்பு வலியை நினைத்து விட்டுவிட்டார்.

காலையில் முழங்கால்வரை உடையைச் சுருட்டிக்கொண்டு போய், கிடங்கின் பெரிய இரும்புக் கதவில் நட்டநடுவே ஒட்டினார். காவலாளி, செங்கல் அடுக்கி உயர்த்திய நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இங்க குடியிருக்கறது யாருப்பா?" படிவத்தில் முதல் கேள்வி அது.

"தண்ணிதாங்க. உள்ள எட்டிப் பாருங்க, மீன் ஓடுது."

"எவ்வளவு நாளா?" இது இரண்டாவது.

"நாளா? நல்லா கேட்டீங்க. கட்டடம் வர்றதுக்கு முன்னாடியே இது அவங்க இடம்தான். அஸ்திவாரம் போடறப்ப ரெண்டு மாசம் மோட்டார் வெச்சு இறைச்சவனே நான்தானே."

சம்மன்காரர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

விசாரணை நாளன்று கம்பெனி வக்கீல் குதியோ குதியென்று குதித்தார். "எதிராளிக்கான சம்மனை எங்க கதவுல ஒட்டியிருக்காரு. இது செல்லவே செல்லாது." செல்லாது என்றால் சேராத சம்மன்தானே? முப்பத்தோரு வருஷமும் போச்சு என்று சம்மன்காரர் சுவரோடு ஒட்டி நின்றார்.

நீதிபதி மனுவின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். "எதிராளி அங்க நிரந்தரமா தங்கியிருக்காருன்னு எழுதினது நீங்கதானே?"

நீதிபதி படிவத்திலிருந்த காவலாளியின் பதிலையும் உரக்கப் படித்தார். உடனே காப்பாளர் எழுந்தார். "அப்ப யார் வீட்டுக்குள்ள யார் புகுந்தது, ஐயா?"

சம்மன் செல்லும் என்றார் நீதிபதி. காவலாளியைக் கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள். அவன் அதையே அட்சரம் பிசகாமல் சொன்னான். வழக்கு தள்ளுபடி. காப்பாளர் கேட்டபடி இருபது நாளில் கம்பெனி காலி செய்து, இடத்தைச் சதுப்பிடமே ஒப்படைக்க வேண்டும்.

சம்மன்காரருக்கு அந்த உத்தரவுதான் கடைசி வேலை. சேர வேண்டிய இடம் அதே கிடங்கு, பெறுபவர் கம்பெனி. அவர் போனபோது கதவையே கழற்றியிருந்தார்கள். கூரைத் தகரமும் இல்லை. காவலாளி மட்டும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒருத்தரும் இல்லீங்க. நேத்தே மூட்டை கட்டிட்டாங்க. எங்க போனாங்கன்னு எனக்கே தெரியாது."

"யாராவது வருவாங்களா?"

"இனிமே எதுக்குங்க வரப் போறாங்க?"

மற்ற நாளாக இருந்தால் ஊர் ஊராகத் தேடியிருப்பார். அன்று ஒரு நிமிஷம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. பிறகு பேனாவைத் திறந்து, முப்பத்தோரு வருஷமாக எழுதாததை, ஒவ்வோர் எழுத்தையும் ரசித்து ரசித்து எழுதினார்: 'ஆள் அகப்படவில்லை.'