சோதனை டேப்

என் சொந்த வீடியோ கேமராவின் மூடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. படம் பதிவாகும் உருளையின் மேல் பழுப்பு நிறத்தில் பசை. கையிலிருந்த திருப்புளி மேசையில் விழுந்து உருண்டு தரைக்குப் போனது. குனிந்து எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பசையை எனக்கு நன்றாகத் தெரியும். கேமரா பழுதுபார்க்கிற கடையில் உட்கார்ந்து ஆறு மாதமாக அதைக் காட்டித்தான் வீபோர் நகரத்தின் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கம்பெனி டேப்பிலும் வழவழப்புக்காக ஒவ்வொரு விதப் பூச்சு இருக்கும். ஒன்றை ஓட்டிய கேமராவில் இன்னொன்றை ஓட்டினால் இரண்டும் கலந்து இப்படிப் பசையாகிவிடும். அதனால்தான் கம்பெனி டேப்பைத் தவிர வேறு எதையும் போடக்கூடாது என்று உத்தரவாத அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். பசை இருந்தால் ஆசாமி மலிவு டேப் போட்டிருக்கிறார், உத்தரவாதம் செல்லாது. அறிக்கையின் அடியில் என் கையெழுத்து இருக்கும், போதில் ஹெடகோர் என்று.

"சத்தியமா கம்பெனி டேப்தாம்மா போட்டேன்" என்று சொல்லாதவர்கள் கிடையாது. அவர்களிடம் நான் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: "மனுஷன் பொய் சொல்லுவான், பசை சொல்லாது." எனக்கே பிடித்துப்போன வாசகம் அது.

ஆனால் இந்தக் கேமராவை வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. அதில் நான் போட்டது ஒரே ஒரு டேப், அதுவும் கம்பெனி டேப். என்னைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. திரையின் கீல் உடைந்ததால் அன்று காலை கடைக்கு எடுத்து வந்தேன். வருகிற எந்தக் கேமராவையும் திறப்பதற்கு முன்னால் எங்கள் சோதனை டேப்பைப் போட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பது கடையின் வழக்கம். பழக்கதோஷம், என் கேமராவிலும் ஓட்டினேன். பிறகுதான் திறந்தேன்.

சோதனை டேப்பைக் கையில் எடுத்தேன். போன இலையுதிர் காலத்தில் கம்பெனி அனுப்பியிருந்த சோதனை டேப் நைந்துபோனபோது, இழுப்பறையில் கிடந்த ஒரு டேப்பில் நானேதான் நகல் எடுத்தேன். 'சோதனை' என்று எழுதி லேபிள் ஒட்டியதும் நானேதான். இப்போது அந்த லேபிளை நகத்தால் சுரண்டினேன். அடியில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கையே தெரியவில்லை. பசையைத் தடவியவளும் நான், பிடித்துக் கொடுத்தவளும் நான். கேமராவில் முதலில் என்னதான் கோளாறு என்று நாங்கள் யாரும் தேடவே இல்லை. பசையைக் கண்டதும் திருகாணிகளை முடுக்கி மூடிவிடுவோம்.

முதலாளி பிரெபனிடம் ஓடினேன். அவர் உருளைக்கிழங்கு அடுக்கிய கறுப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"எத்தன அறிக்க?"

"முப்பத்தொண்ணு."

"அந்த டேப்ப அடுப்புல போடு. நீயும் எதையும் பாக்கல, நானும் எதையும் கேக்கல."

"பிரெபன், அவங்க பொய்யே சொல்லல. நாமதான் அவங்கள பொய்யனாக்கியிருக்கோம்."

"அட, எல்லாரும் மறந்திருப்பாங்க போதில். ஒரு கேமராவுக்காக எவன் தூக்கமில்லாம கெடக்கான்?"

நான் அறிக்கைகள் இருந்த கோப்பைப் புரட்டினேன். அதில் ஒரு கடிதம் இருந்தது. வந்த நாளில் அதைப் பெருமையாகச் சுவரில் ஒட்டி எல்லோருக்கும் காட்டியிருந்தேன். குதிரை வளர்க்கும் வெர்னர் என்பவர் எழுதியது. புகார் வாரியம் வரை போன மனிதர் அவர். 'என் தம்பி பல்லே மலிவு டேப் போட்டதை ஒப்புக்கொண்டான். புகாரைத் திரும்பப் பெறுகிறேன். மன்னிக்கவும்.'

எனக்கு இரண்டாவது இடி அப்போதுதான் விழுந்தது. போடாத டேப்பைப் போட்டேன் என்று அந்தத் தம்பி ஏன் ஒப்புக்கொண்டான்?

அப்படியே காரை எடுத்துக்கொண்டு அவர்கள் பண்ணைக்குப் போனேன். லாயத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் குதிரைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லே அவர்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் குதிரையின் காலை மெல்லக் கீழே விட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வந்த வழியே போயிடுங்க."

"நீங்க அந்த டேப்ப போடலயே! அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

பல்லே வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "புகார் வாரியம் ஒங்க அறிக்கய அனுப்பி வச்ச அன்னிக்கு, கேமராவ தொட்ட இன்னொரு ஆளு நாந்தானேன்னு அவரு பேச்ச நிறுத்திட்டாரு. ஏழு வாரம். ஒரே வீடு, ஒரே மேச. தெனம் ஒத்த கோப்ப காபி போட்டு அவரு மட்டும் குடிப்பாரு. ராத்திரி வணக்கம்கூட கெடையாது. நான் இல்லவே இல்லன்னு சொல்லச் சொல்ல அவரு மூஞ்சி இறுகிட்டே போச்சு. ஒரு நா காலைல, ஆமா அண்ணே, நாந்தான் போட்டேன்னு சொல்லிட்டேன். அன்னிக்கே ரெண்டு கோப்ப காபி வந்துது."

இந்த மனிதர் வாங்கிய தண்டனையை எழுதிய நான் அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"யாருடா அங்க, விருந்தாளியா?" என்று ஒரு குரல் கேட்டது. வெர்னர் வந்துகொண்டிருந்தார். பெரிய மனிதர், சிரித்த முகம். என் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அட, அந்த பசையம்மாவா! வாங்க, காபி குடிக்காம அனுப்ப மாட்டேன்."

சமையலறைக்குள் நுழைந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் கதவுதான் என் கண்ணில் பட்டது. என் அறிக்கை காந்தத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தத் திருட்டுப் பய தெனமும் பாக்கணும்னு வச்சிருக்கேன்" என்று வெர்னர் சிரித்தார். "என்னடா பல்லே, அந்த மலிவு டேப்பு எந்தக் கடையில வாங்கினே? விருந்தாளிக்கிட்ட சொல்லு."

"பெட்ரோல் பங்க்ல அண்ணே" என்றார் பல்லே. சிரிக்கவும் செய்தார். எத்தனையோ முறை சொல்லிப் பழகிய பதில் என்று கேட்டதுமே தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். வேண்டாம் என்று. அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் காபி குடிக்க முடியவில்லை.

"அவரு போடல" என்றேன். "உங்க வீட்டுல யாரும் போடல. நான் போட்டேன்."

பையிலிருந்த சோதனை டேப்பை மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெர்னர் பாதி கிழிந்த லேபிளைப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். திடீரென்று பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தார்.

"பல்லே, அப்ப பெட்ரோல் பங்க்கு?"

"அங்க டேப்பே விக்கிறதில்ல அண்ணே."

"பின்ன ஏன்டா ஒத்துக்கிட்ட?"

"நீ பேசணும்ல."

அடுப்பின் மேல் காபி பொங்கி வழிந்தது. வெர்னர் எழுந்துபோய் என் அறிக்கையைக் கதவிலிருந்து எடுத்தார். கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிழிக்கவில்லை. என் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அம்பது வருஷம் எங்கூட வளந்தவன் ஏழு வாரமா சொல்லிட்டே இருந்தான்" என்றார் என்னிடம். குரல் உயரவே இல்லை. "அவன நம்பல. மூஞ்சியே பாக்காத ஒரு பொம்பள போட்ட கையெழுத்த நம்பினேன்."

பிறகு தம்பியின் முன்னால் கோப்பையை வைத்துக் காபி ஊற்றினார். பாதி மேசையில் சிந்தியது. தமக்கு அவர் ஊற்றிக்கொள்ளவில்லை.

"நீயும் குடி அண்ணே" என்றார் பல்லே.

வெர்னர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு லாயத்துக்குப் போனார்.

நான் கூடவே கொண்டுவந்திருந்த அறிக்கைக் கட்டைப் பிரித்து மற்ற முப்பது பெயர்களையும் அந்த மேசையிலேயே உட்கார்ந்து படித்தேன். எந்தெந்த வீட்டில் யார் யாரை நம்பாமல் போனார்கள் என்பது அதில் எழுதியிருக்கவில்லை.