தலைப்பிரசவத்துக்குப் போன கப்பல்

சகாயசெல்வி, இறந்துபோன தன் அம்மாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே தங்கையின் பள்ளிக்கூட டீச்சர்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். எல்லாரும் நேரே தங்கை சுசீலாவிடம்தான் போனார்கள். ஒரு பெங்காலி டீச்சர் அவள் தோளைத் தட்டி, "ரோ மத், சுசீலா, ரோ மத்" என்று இந்தியில் அழ வேண்டாமெனத் தேற்றினாள். வயிற்றுப் பிள்ளையோடு மாதக்கணக்கில் அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிய அக்காளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாவு வீட்டிலும் இந்தப் பொறாமை விடவில்லையே என்று சகாயசெல்விக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் அம்மா செல்வம்மாள் செய்த வேலை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஒற்றைக்காலில் நின்று, அந்தமான் போர்ட்பிளேரிலிருந்து கப்பலேறி, தூத்துக்குடிப் பக்கம் போய் மூத்தவளைப் பெற்றுக்கொண்டு வந்தாள். இளையவளுக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. இங்கே பத்துபஸ்தி வீட்டிலேயே பிறந்தாள். பிறகு அக்காளும் தங்கையும் டீச்சர் வேலைக்கு எழுதிப்போட்டபோது, தீவில் பிறந்தவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் சுசீலாவுக்குக் கிடைத்தது. அதிக மார்க் வாங்கிய சகாயசெல்வி மெயின்லேண்டு ஆளாகிப்போனாள்.

"நான் எந்தூருக்காரிட்டி? தவழ்ந்தது இங்க, படிச்சது இங்க" என்று அவள் சண்டை பிடிக்கும்போதெல்லாம் சுசீலா சொல்வாள்: "அந்த எடமும் இல்லன்னா நம்ம ரெண்டு பேருக்குமே இல்லக்கா. மெட்ராஸ், கல்கத்தாக்காரந்தான் வந்து ஒக்காருவான்." அதுவும் நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் இன்னும் ஆத்திரம்.

படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்க்கத் தூத்துக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த பொன்னம்மா சித்தி சகாயசெல்வியிடம் மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"அம்மா இல்லாத வீட்டுல தலைப்பிரசவம் ஆகாது. என்கூடப் பொறப்படு. ஒங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவ கடைசி ஆசம்மா. ஊருக்குப் போற ஜகாஜ்ல எடம் சொல்லியாச்சு" என்றார் அப்பா மத்தியாஸ்.

"நான் வரல. எம்புள்ள இங்கதான் பொறக்கும்."

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"பெத்தவ பொணத்து முன்னால பேசுற பேச்சாட்டி இது?" என்றாள் சித்தி.

"விடுங்க சித்தி. நான் லீவு போட்டு அக்காவப் பாத்துக்கிடுதேன்" என்றாள் சுசீலா.

"ஒனக்கென்ன! சர்க்கார் வேல. கேட்டா லீவு குடுப்பான்" என்றாள் சகாயசெல்வி.

தங்கையின் முகம் சுருங்கியதைப் பார்த்துச் சகாயசெல்விக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

சாயங்காலம் சவப்பெட்டியை மூடும் நேரம். மூத்தவள்தான் முதலில் முத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். குனிந்தாள். வயிறு பெட்டியில் இடித்தது. அம்மாவின் நெற்றி எட்டவில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டன. வளையல் சத்தத்திலேயே தங்கை என்று தெரிந்தது. ஒரு கணம் தயங்கினாள். பிறகு தன் பாரத்தை முழுக்க அந்தக் கைகளில் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.