மருதமுத்துவுக்கு ஒரு பதில்

ஜப்பான் சண்டைக்கு முன்னால், துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு சிராங்கூன் சாலை மாலைப் பள்ளியில் எழுத்துப் படித்தேன். கப்பல் வேலை நீண்டுபோனால் வகுப்புக்கு வரமுடியாது. நாலு நாள் வராதவன் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் என் பெயரைக் கூப்பிட்டால் கூடப் படித்த சிநேகிதன் மருதமுத்து குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" என்பான். இன்று நான் இதை எழுதுவது அவனால்தான்.

பிறகு அவன் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து, ஜப்பான்காரன் குண்டில் செத்தான்.

ஐம்பத்தாறில், சண்டையில் இறந்த ஆறு மாணவர்களுக்குப் பள்ளியில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். எங்களுக்குப் பாடம் எடுத்த குலசிங்கம் வாத்தியார் பழைய வருகைப் பதிவேட்டைத் திறந்து அந்த ஆறு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். "மருதமுத்து" என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, அவன் குரலில் பேச முயன்றேன்.

"உள்ளேன் ஐயா."

கூடப் படித்த கோபாலு என் சட்டையை இழுத்தான். "உட்காருய்யா, மானம் போவுதுலா!"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குரலை மாத்த அவனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எல்லாம் தெரிஞ்சுதான் அப்ப உன்ர பேருக்கு வந்தவன் எண்டு கோடு போட்டனான்" என்றார். அப்புறம் அடுத்த பெயரைப் படித்தார்.

"பெரியண்ணன்."

கோபாலு எழுந்து நின்றான். "உள்ளேன் ஐயா."