பச்சைப் புள்ளி வைத்த ஸ்க்ரூ

மறுபடியும் லேப்டாப் திரை நீலமாகிவிட்டது. வெள்ளை எழுத்தில் பத்து வரி இங்கிலீஷ், அடியில் ஏதோ எண்கள், பிறகு தானாக அணைந்து தானாகவே எரியும். மூன்று வாரமாக இதே கூத்து. அன்று ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று. மாலை ஐந்துக்குள் நான் பிரசன்டேஷனை மெயிலில் அனுப்பியாக வேண்டும்.

ஒரகடத்தில் காருக்கு ஆடியோ செட் செய்கிற கம்பெனியில் ஆறு வருஷமாக ஆறாவது ஸ்டேஷனில் நிற்கிறேன். செட்டின் அடிப்பக்கம் நாலு ஸ்க்ரூ போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ள வேண்டும். பச்சை என்றால் சுகப்பிரியா. நாளைக்கே ஏதாவது கோளாறு வந்தாலும் யார் கை பட்டது என்று புள்ளியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நின்று நின்றே கால் வீங்கிப்போய்க் கிடக்கிற எனக்கு இப்போது, நிற்க வேண்டாத லைன் லீடர் வேலைக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. ஆபீஸ் கேட்டது ஒன்றே ஒன்று. லைனில் ரிஜெக்ட் ஆவதைக் குறைக்க ஒரு யோசனை, ஐந்து ஸ்லைடில்.

யோசனை என்னிடம் தயாராக இருந்தது. ரிஜெக்ட் ஆன செட்டில் பாதிக்கு மேல் கோளாறு ரோஸ் புள்ளி வைத்த ஸ்க்ரூவில்தான். ரோஸ் என்றால் கனிஷ்கா, எனக்கு அடுத்த ஏழாவது ஸ்டேஷன் பெண். அவள் போடுகிற ஸ்க்ரூ உள்ளே இருக்கும் போர்டைக் குத்திவிடுகிறது. நாலாவது ஸ்லைடில் "காரணம்" என்ற கட்டத்தில் அவள் பெயரைப் போட்டு, ஆளை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு கணக்குதானே.

ஐந்தாவது ஸ்லைடைத்தான் முடிக்க விடமாட்டேன் என்றது இந்தச் சனியன்.

செய்யாத வைத்தியம் இல்லை. வைரஸ் ஸ்கேன் ஓட்டினோம். உள்ளே இருக்கும் ராம் சிப்பைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினோம். விண்டோஸை இரண்டு தடவை புதிதாக ஏற்றினோம். எல்லாம் என் வீட்டுக்காரர் சுடலை செய்ததுதான். அவருக்குக் கியர் பாக்ஸ் கம்பெனியில் வேலை. ஒவ்வொரு தடவையும் "இப்ப சரியாயிட்டு" என்பார். நான் உட்கார்ந்து நாலு வரி அடிப்பேன். நீலம்.

என் வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் அதில் இரண்டரை மணி நேரம் முழுசாகப் படம் பார்ப்பார். ஒன்றும் ஆகாது. நான் தொட்டால்தான் வரும்.

"அத்தான், கண்டவன் பென்டிரைவையெல்லாம் சொருகி குப்பையைக் கொண்டாந்து கொட்டிட்டு, இப்ப ஒண்ணுந்தெரியாத மாதிரி நிக்கியளா?" என்று கத்தினேன்.

"நான் படம் பாத்தா ஓடுதே, பிள்ள. வைரஸுன்னா எனக்கும் வரணும்லா?"

"அப்ப என் கையில வெசமா இருக்கு?"

அவர் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். வீடு இருக்கிற வடக்குப்பட்டிலிருந்து படப்பை போய்ச் சேரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாரத்தில் அவருக்குக் கிடைக்கிற ஒரே லீவு நாள் அது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசவில்லை.

மிச்சத்தை அங்கே முடிக்கலாம் என்று போன பிரௌசிங் சென்டர் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் கண்ணப்பன் என்பவருடைய ரிப்பேர் கடை மட்டும் திறந்திருந்தது. அவர் லேப்டாப்பைப் போட்டு முக்கால் மணி நேரம் பார்த்தார். கழுதை ஒழுங்காக ஓடியது.

"இன்னாம்மா, நல்லாத்தானே கீது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நகருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கீபோர்டுக்குக் கீழே வழக்கம்போல் இடது மணிக்கட்டை ஊன்றி அடிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் நீலம்.

கண்ணப்பன் திரையைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டைப் பார்த்தார். மெஷின் மறுபடி எரிந்ததும் அதே இடத்தில் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். நீலம். "அப்பிடி வா" என்று சொல்லி, அணைத்துக் கவிழ்த்துப் போட்டார்.

அடிப்பக்கம் முழுக்க ஸ்க்ரூ. ஒவ்வொன்றின் தலையிலும் அச்சடித்தாற்போல் ஒரு பச்சைப் புள்ளி.

இடது மூலையில் இருந்த ஒன்றைக் கழற்றி, பக்கத்தில் இருந்த இன்னொன்றையும் கழற்றி, இரண்டையும் மேஜையில் நிறுத்தி வைத்தார். தலை ஒரே மாதிரி. ஒன்று மட்டும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் நீளம்.

"சின்ன ஓட்டையில பெரிய ஸ்க்ரூவை ஏத்திக்கீறாங்க. கைய வெச்சு அமுக்கும்போதெல்லாம் அது போய் போர்டுல இடிக்குது. எவன் வேலைம்மா இது? பொட்டு வேற வெச்சுக்கீறான்!"

"நாந்தாண்ணே. தெரியாம மாத்திப் போட்டுட்டேன்" என்றார் சுடலை, சட்டென்று.

போன மாதம் ஃபேன் சத்தம் போடுகிறது என்று அதைத் திறந்து தூசி தட்டியது நான். கடைக்குக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னபோது, "ஒரு ஷிப்டுக்கு ரெண்டாயிரம் ஸ்க்ரூ போடுறவளுக்குக் கடைக்காரன் எதுக்கு?" என்று கேட்டதும் நான். கழற்றிய ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டினேன். மாட்டி முடித்ததும், வீட்டில் கிடந்த பழைய மார்க்கரை எடுத்துப் பழக்க தோஷத்தில் புள்ளி வைத்தேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவரு கம்பெனியில மஞ்சள். பச்சை என்னோடது. நான்தான் போட்டேன்" என்றேன். வெட்கத்தில் காது சுட்டது. மூன்று வாரம் அந்த மனுஷனை என்ன பாடு படுத்தியிருக்கிறேன்.

"நீளம் பாத்துப் போட வேணாமா?" என்றார் கண்ணப்பன்.

எப்படிப் பார்ப்பேன்? ஆறு வருஷமாக என் ட்ரேயில் ஒரே அளவு ஸ்க்ரூதான் வரும். ஒரே மாதிரித் தலை இருந்தால் ஒரே ஸ்க்ரூ என்றுதான் என் கைக்குத் தெரியும். ஏழாவது ஸ்டேஷனிலும் அதே தலைதான்.

அதை நினைத்ததும் எனக்குத் திக்கென்றது.

லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது கனிஷ்காவின் ட்ரே காலியாகிவிடும். ஸ்டோர் ஆள் கொண்டுவருவதற்குள் நாலு செட் குவிந்துவிடும், சூப்பர்வைசர் கத்துவார். அப்போதெல்லாம் "அக்கா, கொஞ்சம் தாங்கக்கா" என்பாள். நான் என் ட்ரேயை அவள் பக்கம் தள்ளிவிடுவேன். உதவி செய்கிறோம் என்ற பெருமையோடு தள்ளுவேன். ஒரு தடவையாவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. என்னுடையது துளி நீளமாக இருந்தால் போதும், போர்டைக் குத்தியது என் ஸ்க்ரூதான்.

"கெளம்புவமா, பிள்ள?" என்றார் சுடலை. கண்ணப்பன் சரியான ஸ்க்ரூவைப் போட்டு முடித்திருந்தார்.

"இருங்க அத்தான்."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து நாலாவது ஸ்லைடைத் திறந்தேன். மணிக்கட்டை நன்றாக ஊன்றிக்கொண்டேன். கனிஷ்கா பெயர் இருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன். அப்படியே அனுப்பினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. புள்ளி ரோஸ்தான். வீங்கின காலும் என்னுடையதுதான்.

அவள் பெயரை அழித்தேன். "ஆறாவது ஸ்டேஷன் சுகப்பிரியா, அளவு பார்க்காமல் தன் ஸ்க்ரூவை ஏழாவது ஸ்டேஷனுக்குக் கொடுத்து வந்தார். இரண்டு ஸ்டேஷனுக்கும் வேறு வேறு ட்ரே நிறம் வேண்டும்" என்று அடித்து, ஐந்தாவது ஸ்லைடையும் முடித்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த சுடலை, "இத அனுப்பினா அந்த வேலை கெடைக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கெடைக்காது."

கடைக்காரரின் நெட் கார்டை வாங்கிச் சொருகினேன். மெயில் போவதற்கு ஆறு நிமிஷம் பிடித்தது. அந்த ஆறு நிமிஷமும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக நான் தொட்டபோதெல்லாம் செத்து விழுந்த சனியன், இப்போது மட்டும் ஒரு தடவைகூட நீலமாகவில்லை.