பாதையோரத்து வெள்ளைக் கற்கள்

மக்ரீட்டா அந்தப் பண்ணைக்கு விருந்தாளியாக வந்தது அதுதான் முதல் தடவை. பிறந்தது அங்கேதான். முப்பது வயது வரை திராட்சை பறித்ததும் அங்கேதான். அப்புறம் பண்ணை கைமாறி, கூலிக் குடும்பங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். புது முதலாளிகள் இருநூறு வருஷத்துக் கட்டடங்களைப் பழைய மாதிரியே புதுப்பித்து விடுதியாக்கினார்கள். அங்கே மகனைப் புதைத்த குழியைப் பார்க்க வேண்டும் என்று அவள் எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. அறை வேண்டும் என்று மகள் எழுதியதற்கு அன்றைக்கே பதில் வந்தது.

மகன் ரூபன் நான்கு வயதில் காய்ச்சலில் போனவன். மேட்டு நிலத்தில் புதைத்தார்கள். கூலிக்காரர்களுக்குப் பெயர் வெட்டிய கல்லெல்லாம் கிடையாது. ஆற்றுக் கற்களைக் குழியைச் சுற்றி வைத்து, பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் சுண்ணாம்பு அடிப்பார்கள். குழந்தை என்றால் வயதுக்கு ஒரு கல். ரூபனுக்கு நான்கு.

பெட்டியை அறையில் போட்டுவிட்டு, சுண்ணாம்பும் பிரஷ்ஷும் இருந்த பையோடு நேராக மேட்டுக்குப் போனாள். அங்கே இளம் பிளம் மரங்கள் வரிசையாக நின்றன. அடையாளத்துக்கு இருந்த தண்ணீர்த் தொட்டியும் இல்லை. ஒவ்வொரு வரிசையாக நடந்தாள். எங்கே மண்டியிடுவது என்று தெரியவில்லை.

இறங்கி வரும்போதுதான் பார்த்தாள். வாசல் கேட்டிலிருந்து விடுதி வரை, பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கற்கள். சற்று முன்னால் அவற்றுக்கு நடுவேதான் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ரோஜாச் செடிகளுக்கிடையில் அப்போல்ஸ் குனிந்திருந்தான். பழைய பக்கத்து வீட்டுக்காரன். பழைய கூலிக்காரர்களில் புது முதலாளிகள் வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே ஆள். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"என்னக்கா, துரைசாணி மாதிரி வந்து எறங்கியிருக்கே."

அவள் சிரிக்கவில்லை. "இந்தக் கல்லையெல்லாம் யாருடா எடுத்தா?"

அவன் கத்தரியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். மேட்டைச் சமப்படுத்த இயந்திரம் வந்ததாம். அழகான கல், வீணாகப் போகக்கூடாது, பாதையோரம் அடுக்கு என்றார்களாம். இரண்டு நாள் தள்ளுவண்டியில் அவனே இறக்கியிருக்கிறான். அதில் அவனுடைய அம்மாவின் கற்களும் இருந்தன. அது என்ன கல் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"வாயில என்னடா வச்சிருந்தே, மண்ணா?"

"குடியிருக்கற வீடு அவங்களுதுக்கா. எம்பொண்டாட்டி படுத்த படுக்கையா கெடக்கா."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வருஷம்கூட விடல. பெரிய வெள்ளிக்கு முந்தி எல்லாத்துக்கும் சுண்ணாம்பு அடிச்சிர்றேன். அழகுக்குன்னு நெனச்சிக்கிறாங்க" என்றான்.

"ரூபனோடது எது?"

"தெரியலக்கா. வண்டியில எல்லாம் கலந்துபோச்சு. ஏதாவது நாலு எடுத்துட்டுப் போ. யாரும் எண்ண மாட்டாங்க."

அவள் குனிந்து ஒன்றைத் தூக்கினாள். கனத்தது. யாருடைய பிள்ளையின் கல்லோ, இவன் அம்மாவுடையதோ. இருந்த பள்ளத்திலேயே திரும்ப வைத்தாள்.

மறுநாள் காலை சாவியைக் கொடுக்கும்போது, மேலாளராக இருந்த பெண் விருந்தினர் புத்தகத்தை நீட்டினாள். மக்ரீட்டா வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு எழுதினாள்: ரூபன், நான்கு வயது.

அந்தப் பெண் படித்துவிட்டுப் புன்னகைத்தாள். "பேரனா? அடுத்த தடவை அவனையும் கூட்டிட்டு வாங்க. பசங்களுக்கு இங்க ரொம்பப் புடிக்கும்."

மக்ரீட்டா தலையாட்டினாள். பாதையை விட்டு இறங்கி, புல்வெளியில் பெட்டியை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். பையில் சுண்ணாம்பு பிரிக்காமலே இருந்தது.