பதினெட்டுச் சீட்டுகள்

போன வாரம் வகுப்பில் அவள் உரையாற்றிக்கொண்டிருந்தபோது பேராசிரியை நடுவில் ஒரு கேள்வி கேட்டார். வந்தது வினை. நெட்டுருப் போட்டு வந்த உரை அங்கேயே அறுந்துபோனது. விட்ட இடம் பிடிபடாமல், "எல்லோருக்கும் வணக்கம்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வகுப்பே சிரித்தது.

இன்று மீண்டும் அவள் முறை. பள்ளியில் பன்னிரண்டு வருஷமும் பாடத்தைக் கடம் அடித்தே முதல் மார்க் வாங்கியவள், படிக்கவென்று கடல் தாண்டி வந்தது ஊர் சிரிக்கவா? விடிந்ததும் உரையைக் கத்தரியால் பதினெட்டுத் துண்டாக வெட்டிக் குலுக்கி, அறைத்தோழியிடம் நீட்டினாள்.

"அக்கா, நான் இன்னும் பல்லே வெளக்கல!"

"அப்புறம் வெளக்கிக்கலாம். ஒண்ண எடுடி."

எந்தச் சீட்டு வந்தாலும் அந்த இடத்திலிருந்தே பேசினாள். துணி காயப்போட்டுக்கொண்டே பேசினாள். பஸ்ஸிலும் முணுமுணுத்தாள்; பக்கத்தில் இருந்தவர் மெல்ல எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வகுப்பில் பேராசிரியை மூன்று முறை குறுக்கிட்டார். மூன்று முறையும் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்தைக் கப்பென்று பிடித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"நல்லா இருந்துது. புத்தகத்துல இருக்கறதெல்லாம் சொல்லிட்டே. இதுல நீ என்ன நெனைக்கிறே?" என்றார் பேராசிரியை.

பதினெட்டுச் சீட்டில் ஒன்றிலும் அது இல்லை. கை தானாகப் பையைத் துழாவியது. பிறகு வெறுங்கையை வெளியே எடுத்து மேஜைமேல் ஊன்றிக்கொண்டாள்.

"எனக்கு என்ன தோணுதுன்னா..." என்று ஆரம்பித்தாள்.