ஒடீல் துர்ஜோனின் சொந்தக் குரல்

லண்டன் மேடையில் ராணியாக நின்று தலையை வெட்டக் கொடுத்தவள், ரோமில் மூன்று படம், ஹாலிவுட்டில் அதற்கு மேல், பெர்லினில் ஒரு வார்த்தை புரியாமலே ஜெர்மன் வசனத்தை மனப்பாடம் பண்ணி ஒப்பித்து அந்த ஊரையே எழுந்து நிற்க வைத்தவள். அப்பேர்ப்பட்ட ஒடீல் துர்ஜோன் ஐம்பத்தாறு வயதில் மாண்ட்ரியலுக்குத் திரும்பி வந்தாள். சொந்த ஊர் மேடையில் ஒரு தடவை கைதட்டு வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. உலகத்தில் அவளுக்குக் கை தட்டாத ஊர் அது ஒன்றுதான். சின்ன வயதில் இங்கே அவள் நடித்த முதல் நாடகத்துக்கு வந்த கொஞ்சம் பேரில் பாதிப் பேர், வெளியே பனி கொட்டுகிறதே என்று உள்ளே ஒதுங்கியவர்கள்.

வந்த மறுநாளே ரேடியோவில் பேட்டி. "வணக்கம் மாண்ட்ரியல், உங்க ஒடீல் வந்துட்டேன்!" என்று அவள் சொன்னதுதான் தாமதம், போன் அலற ஆரம்பித்துவிட்டது.

"ஏம்ப்பா, யாரை உக்கார வச்சு எங்களை ஏமாத்துறீங்க? ஒடீல் குரல் எங்களுக்குத் தெரியாதா?"

இன்னொரு அம்மாள், பக்கத்து ஊரான லவால்காரி, இன்னும் மோசம். "இந்தப் பொம்பளை எலி மாதிரில்ல கீச்சுங்குறா! ஒடீல் பேசினா எனக்கு முதுகுத்தண்டே சிலிர்க்கும்."

தப்பு அவர்கள் மேல் இல்லை. படங்களில் ஒடீல் பேசி நடித்ததெல்லாம் ஆங்கிலத்தில். மாண்ட்ரியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தின் பேச்சோ பிரெஞ்சு, அங்கே தியேட்டருக்கு வந்தால் படம் பிரெஞ்சில் பேசியாக வேண்டும். முதல் படத்தின்போதே "நீங்களே வந்து பேசிக் கொடுங்க" என்று ஸ்டுடியோக்காரர்கள் கெஞ்சினார்கள். "என் வாய்க்கு நானே பின்பாட்டுப் பாடணுமா? போங்கய்யா" என்று அம்மணி மறுத்துவிட்டாள். அந்த இடத்துக்கு வந்தவள் மூரியல். ஒடீலோடு நாடகப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி கனமான குரல். அன்று தொடங்கி முப்பது வருஷமாக ஒடீல் வாயைத் திறந்தால் வந்தது மூரியல்தான். ஒடீல் ஆங்கிலத்தில் கொடுத்த டிவி பேட்டிகளுக்குக்கூட மேலே மூரியல் குரலைப் போட்டுத்தான் ஒளிபரப்பினார்கள். ஊர் மயங்கிக் கிடந்தது ஒடீலின் முகத்திலும் மூரியலின் தொண்டையிலும்.

நாடகத்தின் இயக்குநர் கயேத்தான் எதற்கெடுத்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆள். அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

"டிக்கெட் வாங்கினவங்கெல்லாம் போன் பண்ணிக் கேக்கறாங்க மேடம்."

"என்ன கேக்கறாங்க?"

"ஒடீல் பேசுவாங்களா, இல்ல அந்த ரேடியோ பொம்பளை பேசுமான்னு."

"அந்த ரேடியோ பொம்பளையே நான்தான்யா!"

"எனக்குத் தெரியும் மேடம். ஊருக்குத் தெரியலையே. அதான் ஒரு யோசனை. மூரியலைத் திரைக்குப் பின்னாடி நிக்க வச்சு..."

முடிப்பதற்குள் ஒரு செருப்பு அவன் காதை உரசிக்கொண்டு போனது. ஆனால் கோபம் எத்தனை நாள் தாங்கும்? டிக்கெட்டுகள் திரும்பி வர ஆரம்பித்ததும் ஒடீல் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு மூரியல் வீட்டுக்குக் கிளம்பினாள். வெளிப்புறத்து இரும்புப் படியில் பனி உறைந்து கிடந்தது. உலகப் புகழ் பெற்ற நடிகை கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, மாதா கோயிலில் இருக்கிற புனிதப் பாத்திரங்களையெல்லாம் பேர் சொல்லித் திட்டியபடி ஏறினாள். அந்த ஊரில் கெட்ட வார்த்தை என்றால் அதுதான், அது மட்டும் அவளுக்கு மறக்கவே இல்லை.

கதவைத் திறந்த மூரியல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அடடே, என் வாய் வந்திருக்கு! வா, வா. பூட்ஸைக் கழட்டு. பனியெல்லாம் என் தரையில கொட்டாத."

பட்டாணி சூப் ஊற்றிக் கொடுத்தாள். ஒடீலுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூரியலுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது.

"ஏண்டி, நீ படத்துல முத்தம் குடுத்தா நான் இங்க அந்தச் சத்தத்துக்காக என் புறங்கையை உறிஞ்சிட்டு நின்னேன். அழறதுக்கு முன்னாடி ஒரு வாய் காத்தை முழுங்குவியே, பாழாப்போன பழக்கம், அதையும் கூடவே முழுங்கித் தொலைச்சேன். இன்னிக்கு வரைக்கும் எனக்கு வாயுத் தொல்லை. எல்லாம் உன்னாலதான்."

ஒடீல் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே வந்த காரியத்தையும் சொல்லிவிட்டாள். "திரைக்குப் பின்னாடி நின்னு எனக்காகப் பேசறியா மூரியல்? ஒரு மாசம்தான்."

மூரியல் கரண்டியைக் கீழே வைத்தாள். "இருட்டுலயா? மறுபடியுமா?" முகத்தில் விளையாட்டு போய்விட்டது. "எனக்கும் மேடையில நிக்கணும்னு ஆசை இருந்துச்சு. வாய்ப்புக் கேட்டுப் போன எடத்துலெல்லாம் என்ன சொன்னாங்க தெரியுமா? 'நீ பேசினா ஒடீல் பேசற மாதிரி இருக்கு, ஜனங்க குழம்பிடுவாங்க'ன்னாங்க. என் குரலை நான் உங்கிட்டேருந்து திருடிட்டேனாம்!"

"எனக்குத் தெரியாதுடி."

"உனக்கு எங்கேருந்து தெரியும்? நீ ரோம்ல இருந்த. நான் பேச மாட்டேன் ஒடீல். டிக்கெட் குடு, பாக்க வர்றேன். ஓரத்து சீட்டாக் குடு, எனக்கு முட்டி மடங்காது."

ஒடீல் ஒரு வாய் காற்றை விழுங்கினாள். பழக்க தோஷம், எதிரே மூரியலும் விழுங்கினாள். பிறகு இரண்டு பேரும் சூப்பைக் குடித்து முடித்தார்கள்.

முதல் நாள் நாடகம். "பீ!" என்று கயேத்தான் வாழ்த்தினான். பிரெஞ்சு நாடகக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் வாழ்த்துவது அப்படித்தான். பதிலுக்கு நன்றி சொன்னால் அன்றைய நாடகம் அவுட். ஒடீல் வாயைத் திறக்கவில்லை. நாடகம் தொடங்குகிறது என்பதற்கு அடையாளமாக மேடைப் பலகையில் தடியால் மூன்று தட்டு தட்டினார்கள். திரை விலகியது.

கடலுக்குப் போன புருஷன் திரும்பாத ஒரு மீனவப் பெண்ணின் கதை. ஒடீல் கதவைத் திறந்துகொண்டு வந்து, இருட்டிப் போன கடலைப் பார்த்து, "விளக்கை யாரும் அணைக்காதீங்க, அவர் வர்ற நேரம்" என்றாள். மெல்லிய, கீச்சுக் குரல். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பால்கனியிலிருந்து ஒரு ஆள் கத்தினான்: "டப்பிங் சரியில்லப்பா!"

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பக்கவாட்டில் கயேத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை நிஜமாகவே வலித்தது.

ஒடீல் அசையாமல் நின்றாள். ஓடிப் போயிருக்கலாம், நாளைக்கே லண்டனில் மாலை போட ஆள் இருக்கிறது. அவள் மேடை விளிம்புக்கு வந்து, கண் மேல் கையை வைத்து இருட்டுக்குள் தேடினாள்.

"மூரியல்! எங்க இருக்க? எழுந்திருடி."

ஓரத்து சீட்டில் ஒரு குண்டுப் பெண்மணி கம்பளித் தொப்பியோடு முனகிக்கொண்டே எழுந்தாள். "என்ன ஒடீல்? மானத்தை வாங்காத. நீ நடி."

அவ்வளவுதான் பேசினாள். முதுகுத்தண்டுகள் எல்லாம் சிலிர்த்திருக்க வேண்டும், அரங்கமே அவள் பக்கம் திரும்பியது. பிறகு கை தட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு தட்டு! எழுந்து நின்று தட்டினார்கள், காலால் தரையை உதைத்துத் தட்டினார்கள். மூரியல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றாள். எந்தக் கைதட்டுக்காக ஒடீல் கடல் தாண்டி வந்தாளோ அது அவள் கண்ணெதிரே வேறொருத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. வயிறு எரிந்தது. எரிந்தால் என்ன, அவளும் தட்டினாள்.

சத்தம் அடங்கியதும் ஒடீல் சொன்னாள்: "நீங்க ஆசைப்பட்ட குரல் அதோ அங்க உக்காந்திருக்கு. எங்கிட்ட இருக்கறது இதுதான். பிடிக்கலைன்னா வெளியில போங்க, பனி ஒண்ணும் பெருசா இல்ல." திரும்பி, "மறுபடியும் தட்டுங்கடா!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். மூன்று தட்டு கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அதே வசனம், அதே கீச்சு. யாரும் சிரிக்கவில்லை.

முடிவில் கை தட்டினார்கள். மரியாதைக்கா, மனசாரவா என்று ஒடீலுக்குப் பிடிபடவில்லை. வெளியே, நடிகர்கள் வரும் வாசலில், கூட்டம் மூரியலைத்தான் மொய்த்தது. "ஏதாவது பேசுங்கம்மா, ஒரே ஒரு வார்த்தை!" ஒடீல் தனியாக நின்று கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். பொறாமையாகத்தான் இருந்தது. இல்லையென்றால் அவள் நடிகையே இல்லை.

ஹாக்கித் தொப்பி போட்ட ஒரு ஆள், பெண்டாட்டி பின்தொடர, நேராக அவளிடம் வந்தார்.

"மேடம், சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. உங்க குரல் எனக்குப் பிடிக்கல. சுத்தமாப் பிடிக்கல."

"சரி."

"எங்க வீட்டுக் கதவு கீல் இப்படித்தான் கத்தும்."

"புரிஞ்சுதுய்யா, போதும்."

"ஆனா அவன் வர மாட்டான்னு தெரிஞ்சும் கடைசி வரைக்கும் விளக்கை அணைக்க விடாம நின்னீங்க பாருங்க..." கையுறையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இவ முன்னாடி என் மானமே போச்சு."

ஒடீலுக்கு உயிர் வந்தது. வெட்கமில்லாமல் கேட்டாள்: "எந்த எடத்துலேருந்து அழுதீங்க? சரியாச் சொல்லுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்டாட்டிதான் போட்டு உடைத்தாள்.

"கடைசியாவது, ஒண்ணாவது! அந்தம்மாவுக்கு அவ்வளவு கைதட்டு விழுந்து, அதுக்கப்புறமும் நீங்க அந்தக் கதவைத் தெறந்துட்டு வந்தீங்களே, அப்பவே ஆரம்பிச்சுட்டாரு."

ஒடீல் அந்த ஆளை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டாள். பெண்டாட்டி முறைத்ததைக் கண்டுகொள்ளவே இல்லை.